நண்பன் பத்திரிகைக்குத் தடை!

கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தது. 1949-ம் ஆண்டில் பிறந்தது. 1990-ல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்து மறைந்தது. கம்யூனிஸ்டுகள் ஆண்ட நாடு.

மேற்கு ஜெர்மனியில் இருக்கும் அக்காள், கிழக்கே இருக்கும் தம்பிக்குப் பார்சல் அனுப்பலாம். காப்பிப் பொடி வைக்கலாம். சாக்லெட் வைக்கலாம். பத்திரிகை வைக்கக்கூடாது! சுங்க அதிகாரிகள் கண்டால் பறிமுதல்தான்.

சரி, அது எதிரி நாட்டுப் பத்திரிகை. நண்பன் நாட்டுப் பத்திரிகை என்ன பாவம் செய்தது?

"ஸ்புட்னிக்" என்பது ரஷியாவில் இருந்து வந்த மாத இதழ். ஜெர்மன் மொழியிலும் வந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1½ லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ரஷியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்கு ஓயாமல் சொன்னதே அந்த அரசாங்கம்தான்!

1985-ல் ரஷியாவில் கோர்பசேவ் தலைவர் ஆனார். பத்திரிகைகள் மனம் விட்டு எழுத ஆரம்பித்தன. 1988 அக்டோபர் "ஸ்புட்னிக்" இதழில் ஸ்டாலின் செய்த தவறுகள் வெளிவந்தன. 1939-ல் அவர் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்துகொண்ட கதையும் வந்தது.

வந்தது ஆபத்து!

நவம்பர் 19-ந் தேதி கட்சிப் பத்திரிகையில் சின்னஞ்சிறு செய்தி: தபால் இலாகாவின் பத்திரிகைப் பட்டியலில் இருந்து "ஸ்புட்னிக்" நீக்கப்பட்டது. சரித்திரத்தைத் திரிக்கிறதாம், நட்புக்கு உதவவில்லையாம்!

அங்கே பத்திரிகை விநியோகம் முழுவதும் தபால் இலாகா கையில். பட்டியலில் பெயர் இல்லையா? கடையிலும் கிடைக்காது, வீட்டுக்கும் வராது. போலீசு வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். பெயரை அடித்தால் போதும். இதைவிடச் சுலபமான தடை உண்டா?

ஆனால், இது புத்திசாலித்தனமா? இல்லவே இல்லை. அந்த இதழைப் படிக்காதவர்கள்கூட, "அதில் அப்படி என்னதான் இருந்தது?" என்று கேட்கமாட்டார்களா? கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கட்சிக்காரர்களே கோபப்பட்டார்கள். எதிரி திட்டினால் பொய் என்று சொல்லிவிடலாம். நண்பனே உண்மையைச் சொன்னால் என்ன சொல்வது?

இத்தனைக்கும் வீட்டுக்கு வீடு மேற்கு ஜெர்மனி டெலிவிஷன் தெரிந்தது! டிரெஸ்டன் பகுதி போன்ற சில இடங்களில்தான் தெரியாது. அதற்கு "ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு" என்று கேலிப் பெயரே வைத்திருந்தார்கள். காற்றில் வந்ததை விட்டுவிட்டு, காகிதத்தில் வந்ததைப் பிடித்தார்கள்.

1989 அக்டோபரில் தலைவர் ஹோனேக்கர் பதவி இழந்தார். "ஸ்புட்னிக்" தடையும் நீங்கியது. நவம்பர் 9-ந் தேதி பெர்லின் சுவர் திறந்தது. மேற்கு பெர்லின் கடைகளில் எல்லாப் பத்திரிகைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.