நகரபிதாவும் நீர்த்தேக்கமும்

குளமே குடியின் உயிர் என்பதை இரணைமடுவை நம்பி வாழும் நமக்கு எவரும் எடுத்தோத வேண்டுவதில்லை. ஆதலின், நகரபிதா ஒருவரின் பெருமையை அவர் ஏற்ற மாலைகளால் அன்றி, ஊருக்கு அளித்த நீரால் அளப்பதே நமக்கு முறையாகும்.

திருமயத்தில் 1887 இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, சட்டசபையை நாவன்மையால் ஆண்டவர். காமராசரின் அரசியல் ஆசான். 1939 இல் சென்னை நகரபிதாவானார். அந்நாளில் அப்பதவிக்காலம் ஓராண்டே. தம் கட்சி அமைச்சரவை விலகியிருந்த வேளை அது. எனினும், குடிநீருக்குத் தவித்த நகருக்காக, தாம் எதிர்த்த அந்நிய ஆட்சியினரிடமே வாதாடி, கொற்றலையாற்றில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு இசைவு பெற்றார். 1940 இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1942 இல் சிறைப்பட்டு, உடல் நலிந்து, 1943 மார்ச்சு 28 இல் அன்னார் மறைந்தார். நீர்த்தேக்கம் நிறைவுற்றதோ 1944 இல்! அதன் நீரில் ஒரு துளியையும் அவர் பருகவில்லை. அதற்கு அவர் பெயர் நிலைத்தது.

'பதவிக்காலம் குறுகியது, பணமும் இல்லை' என்பார்க்கு இவ்வாழ்வே விடை. பிரதேச சபைகளில் அமரும் நம் பழைய மாணவரையும், நாளை அமரப்போகும் இளையோரையும் நாம் கேட்பது ஒன்றே: நீவிர் இறங்கிய பின் ஊரில் எஞ்சுவது யாது?