கட்டுரைக்கு மட்டும்தான் டெட்லைனா? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய 45 நாள் விதி

"நாளைக்குக் காலையில வேணும்" என்று அவசரப்படுத்தும் கிளையன்ட், பணம் கேட்டால் மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். தருமபுரி, அரூர், பென்னாகரத்தில் வீட்டிலிருந்தே பெங்களூரு, சென்னை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் இதே பாடுதான். ஆனால், பணம் தரவும் சட்டத்தில் கெடு இருக்கிறது.

எந்தச் சட்டம்?

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர்களின் காப்பீடு, நலத்திட்டங்கள் பற்றிப் பேசுகிறது. நிலுவைப் பணத்தை வசூலிக்க அது உதவாது. அதற்கு உதவுவது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தும் ஒரு சேவைத் தொழில் என்பதால், ஆதார் வைத்து உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

எத்தனை நாளில் பணம் வரணும்?

* எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள். அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது.
* ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்.
* தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக.

'ஓகே' சொல்லாம இழுத்தடிச்சா?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டுரையைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். ஆட்சேபம் வந்தால், திருத்திக் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். அதனால் திருத்தங்களுக்கு எல்லை போடாவிட்டால் பணமும் தள்ளிக்கொண்டே போகும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரே மின்னஞ்சலில் 4 விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்:

* தகவல்கள் கைக்கு வந்ததிலிருந்து எத்தனை நாளில் கட்டுரை கிடைக்கும்
* எத்தனை முறை இலவசத் திருத்தம்
* இறுதி ஒப்புதல் தருபவர் யார்
* பணம் எந்தத் தேதிக்குள்

தாமதமாகும் என்று தெரிந்தால் நீங்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கெடுவைத் தவறவிட்டால் ஆட்சேபத்துக்கான காரணத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

புகார் கொடுக்க பெங்களூரு போகணுமா?

வேண்டாம். கிளையன்ட் இந்தியாவில் எங்கே இருந்தாலும், எழுதியவரின் ஊர் எந்த வசதியாக்கக் கவுன்சிலின் எல்லையில் வருகிறதோ அங்கேயே முறையிடலாம். 90 நாளில் முடிவு காண வேண்டும் என்கிறது சட்டம்.

புகார் கொடுத்தால் கிளையன்ட் போய்விடுவாரே என்ற பயம் நியாயமானதுதான். அதனால் முதலில் இன்வாய்ஸிலேயே உத்யம் எண்ணைக் குறிப்பிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் வரை அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்தே இந்த விதி இருக்கிறது. உங்கள் பில் கிளையன்டின் ஆடிட்டர் கண்ணில் பட இதுவே போதும்.

வெளிநாட்டு கிளையன்ட் என்றால்?

இந்தச் சட்டம் கைகொடுக்காது. நியூயார்க் நகரில் 2017 முதல் ஃப்ரீலான்ஸர்களுக்கெனத் தனிச் சட்டமே உண்டு, இங்கே அப்படி இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் பாதித் தொகையையாவது முன்பணமாக வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.