மவுனத்துக்குப் பெயர் ஸப்ரா?



எங்கள் மகள் தன் ஆறாவது வயதில் இரத்தப் புற்றுநோயால் அல்லாஹ்விடம் மீண்டாள். ஓராண்டு நிறைந்துவிட்டது. தேவிகாபுரத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்வதில்லை. அவளுடைய நன்னி தார் சுற்றும் ராட்டையின் அருகில் அமர்ந்து, அறுந்து விழும் பட்டு நூல்களை அவள் பொறுக்கிச் சேர்த்த தகர டப்பா இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்கும்படி அறிவுரை கூறியோர் பலர். அவள் பெயரை நாங்கள் சொன்னால் பேச்சை மாற்றுகின்றனர். கண் கலங்கினால், "அல்லாஹ்வின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்ளவில்லையா?" என்கின்றனர். "துக்கம் மூன்று நாள்தானே" என்று சட்டமும் சொல்கின்றனர். இவை அனைத்துக்கும் அவர்கள் வைத்துள்ள பெயர் ஸப்ர்.

இதை நாங்கள் மறுக்கிறோம். மார்க்கத்தை முன்வைத்தே மறுக்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடி மாறாத பருவத்தில், ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் மரணமடைந்தார். அக்குழந்தை வளர்ந்தது அபூஸைஃப் என்ற கொல்லரின் வீட்டில். உலைப் புகை சூழ்ந்த அந்த வீட்டுக்கு நபியவர்கள் சென்று, குழந்தையை வாங்கி முத்தமிட்டு முகர்வார்கள். அதே குழந்தை உயிர் பிரியும் நிலையில் இருந்தபோது அவர்களின் கண்கள் நீரைச் சொரிந்தன. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, அது இரக்கம் என்றே விளக்கினார்கள். கண் அழுவதையும் உள்ளம் வருந்துவதையும் ஒப்புக்கொண்டார்கள். இறைவன் பொருந்தாத சொல்லை மட்டும் நாவு சொல்லாது என்றார்கள். பிரிந்து செல்லும் மகனைப் பெயர் சொல்லி அழைத்தே தம் துயரத்தை வெளியிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. நபியவர்கள் அழுதார்கள், பெயரையும் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் இரண்டும் எப்படித் தடையாயின?

யஅகூப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஓதுகிறோம். யூஸுஃபைப் பிரிந்த கவலையால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. "இன்னும் யூஸுஃபையே நினைத்துக்கொண்டிருக்கிறீரே" என்ற பொருளில் கடிந்துகொண்டவர்கள் அவர்களுடைய மக்கள். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் பதிலளித்தார்கள். அழகிய பொறுமை என்ற சொல் குர்ஆனில் இந்த அழுத தந்தையின் வாயிலிருந்தே வருகிறது. ஆறுதல் கூற வருவோர், தாம் தந்தையின் பக்கம் நிற்கிறோமா, கடிந்துகொண்ட மக்களின் பக்கம் நிற்கிறோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

மார்க்கம் தடுத்தது ஒப்பாரியை, கன்னத்தில் அறைந்துகொள்வதை, ஆடையைக் கிழிப்பதை. மூன்று நாள் என்ற வரம்பு, கணவரல்லாத உறவினர் இறந்தால் ஒரு பெண் அலங்காரத்தைத் தவிர்த்திருப்பதற்கான வரம்பு. ஒரு தாயின் நெஞ்சுக்கு அது கெடு விதிக்கவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. "யார் செய்த பாவமோ", "யார் கண் பட்டதோ" என்று எங்கள் வாசலிலேயே பேசினர். இப்ராஹீம் (ரலி) இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவர் இறந்ததால்தான் கிரகணம் என்று மக்கள் பேசியபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் அடைவதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். பிள்ளையை இழந்த நாளிலும் மூடநம்பிக்கைக்கு அவர்கள் இடம் தரவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவமே அறியவில்லை. மருத்துவர் அறியாத காரணத்தை வாசலில் நிற்பவர் எப்படி அறிந்தார்?

இந்த மவுனம் எங்களைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. அடுத்த குழந்தையின் உயிரோடும் அது விளையாடுகிறது. நாங்களே சாட்சி. விட்டுவிட்டு வந்த காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றிய கன்றிய தழும்புகள், இரவில் கால் எலும்பு வலி என்று அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாங்களோ முதல் வாரங்களைத் தாயத்திலும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதிலும் கழித்தோம். இந்நோயைப் பற்றி ஊரில் எவரும் வாய்விட்டுப் பேசி நாங்கள் கேட்டதில்லை. நோய் உறுதியானபின் உறவினர் தம் பிள்ளைகளை அவளுடன் விளையாட விடவில்லை. புற்றுநோய் தொற்றாது என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை. அவளுடைய தவணை அல்லாஹ்விடம் எழுதப்பட்டது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியும், நோய்க்கு மருத்துவம் செய்யும்படியும் கற்பித்த நபியின் உம்மத் நாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். வசதி மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வசதி குறைந்த நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை. தாமதமாகக் கண்டறிவதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் இதற்கான காரணங்களுள் அடங்கும். நமக்கோ வேலூர் அருகில். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. சென்னையில் அடையாறு நிலையம் உண்டு. அடையாறு நிலையம் 1954-இல் தொடங்கியது. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை நிறுவினார். இழப்பை அவர் மறைக்கவில்லை. அதனால் எண்ணற்றோர் பயன் பெற்றனர்.

ஆகவே சகோதர சகோதரிகளே, பிள்ளையை இழந்த வீட்டுக்குச் சென்றால் காரணம் தேடாதீர்கள். அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி துஆச் செய்யுங்கள். மூன்றாம் நாளோடு நின்றுவிடாமல் மூன்றாம் மாதமும் செல்லுங்கள். உங்கள் பிள்ளையிடம் மேற்சொன்ன அடையாளங்கள் தொடர்ந்தால், ஓதிப் பார்ப்பதோடு அமையாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பிள்ளையை இழந்தும் அல்லாஹ்வைப் புகழ்ந்த பெற்றோருக்குச் சுவனத்தில் 'பைத்துல் ஹம்து' என்ற இல்லம் எழுப்பப்படும் என்று திர்மிதீயில் நற்செய்தி உண்டு. அந்த இல்லத்தை நாங்கள் ஆசைப்படுகிறோம். அல்ஹம்து லில்லாஹ் என்றும் சொல்கிறோம், அழவும் செய்கிறோம். தகர டப்பா ராட்டையின் அருகிலேயே இருக்கும்.

யா அல்லாஹ், எங்கள் மகளை எங்களுக்கு முன்சென்ற நற்கூலியாக ஆக்குவாயாக. நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.