ஏர்போர்ட்டில் இறங்கினால் பேரம்தானா?

இரவு மணி 1. துபாய் விமானம், சிங்கப்பூர் விமானம், கொழும்பு விமானம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும் நேரம். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வெளிவாசலில் நின்று பாருங்கள். கண்ணாடிக் கதவு திறந்து பயணி தள்ளுவண்டியோடு வெளியே தலை நீட்டுகிறாரோ இல்லையோ, நாலு ஆசாமிகள் சூழ்ந்து கொள்கிறார்கள்.

"டாக்சி சார்? எங்க போகணும்? எக்மோரா? வாங்க, வண்டி ரெடியா நிக்குது!"

"எவ்வளவு?"

"அட, பாத்துக் குடுங்க சார். மொதல்ல ஏறுங்க!"

இந்த "பாத்துக் குடுங்க" இருக்கிறதே, அதில்தான் சூது அடங்கியிருக்கிறது. ஏறும்போது பார்த்துக் கொடுங்கள். இறங்கும்போது நான் கேட்டதைக் கொடுங்கள்! நடுராத்திரியில், மொழி தெரியாத ஊரில், குழந்தை குட்டியோடு ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு யார் சண்டை போடுவார்கள்? கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தலைவிதி என்று உள்ளே போய்விடுகிறார்கள்.

"விமானத்தில் வருகிறவன் பணக்காரன், கொடுத்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இதைப் படிக்கிற வாசகர் கேட்கலாம். நமக்குத்தான் ஐயா! விமானத்தில் வருகிறவர் முதலாளியாக இருக்கலாம். அவருக்குக் கார் ஏற்பாடு செய்கிற வேலை யார் தலையில் விழுகிறது? மவுண்ட் ரோடு ஆபீசில் இருக்கும் கிளார்க் தலையில். டெல்லியிலிருந்து சரக்குப் பார்ட்டி வருகிறார் என்றால் சவுகார்பேட்டைக் கடைக்காரர் தலையில். சவுதியிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓட்டலில் தங்கப் போகிறார் என்றால் உங்கள் தலையில், என் தலையில். வண்டி வரவில்லை என்றால் மறுநாள் காலையில் வாங்கிக் கட்டிக் கொள்வதும் நாம்தான்.

மீட்டர் கணக்கு என்ன?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. விமான நிலையத்திலிருந்து எழும்பூர் சுமார் 16 கிலோ மீட்டர். அந்தக் கணக்குப்படி பகலில் 200 ரூபாய்க்குள். நள்ளிரவிலும் 300 ரூபாயைத் தாண்டாது.

சிரிக்கிறீர்களா? சிரிக்கத்தான் வேண்டும். அந்த ரேட்டைச் சொல்லி ஏர்போர்ட் வாசலில் ஆட்டோவைக் கூப்பிட்டால், டிரைவரும் சேர்ந்து சிரிப்பார்.

டிரைவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2013-ல் அந்த ரேட் போட்டபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 70 ரூபாய்ச் சில்லறை. 2021-ல் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. டயர், எப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஏறிவிட்டது. பழைய ரேட்டில் ஓட்டு என்றால் அவர் வீட்டில் எப்படி உலை கொதிக்கும்? ஆனால் கட்டுப்படியாகிற ரேட்டை ஊரறியச் சொல்லி வாங்குவது வேறு. ஆளைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, பாஷையைப் பார்த்து ரேட்டை ஏற்றுவது வேறு. முன்னது தொழில். பின்னதற்குப் பெயர் பகல் கொள்ளை. நடுராத்திரியில் நடந்தாலும் அதே பெயர்தான்!

செல்போனில் பிடிக்கிற டாக்சி வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ஓரளவு ஆகியும் இருக்கிறது. ஆனால் கூட்டமான நேரத்தில் அங்கேயும் ரேட் விர்ரென்று ஏறுகிறது. மத்திய அரசு 2020-ல் போட்ட விதிமுறையில், அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் அதை இரண்டு மடங்காக உயர்த்திவிட்டார்கள். மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் இந்த விதி செல்லும் என்பது இன்னொரு சங்கதி. மழை பெய்கிற இரவில் நாலு விமானம் சேர்ந்து இறங்கினால், போனைப் பார்த்தாலே நெஞ்சு பகீர் என்கிறது.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. 2022 டிசம்பரில் விமான நிலையத்தில் பல அடுக்குக் கார் பார்க்கிங் திறந்தார்கள். பெரிய கட்டடம். 2 ஆயிரம் கார் நிற்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் செல்போன் டாக்சி பிடிக்கிற இடத்தையும் அங்கே கொண்டு போய்விட்டார்கள். இறங்குகிற வாசல் ஒரு பக்கம், ஏறுகிற வண்டி இன்னொரு பக்கம். பேட்டரி கார் விடுகிறார்கள். இருந்தாலும் முட்டிவலிக்காரப் பாட்டி இரண்டு பெட்டியோடு கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது, "இங்கயே வண்டி இருக்கும்மா" என்று ஒருவன் சொன்னால் அந்தப் பாட்டி எந்தப் பக்கம் போவார்? புரோக்கர்கள் பிழைப்பது இந்தத் தூரத்தில்தான்.

முன்கூட்டியே கார் சொன்னால்...

அதனால்தான் சொல்கிறேன். ஓட்டலில் தங்க வருகிறவருக்கு, அதுவும் ராத்திரியில் வருகிறவருக்கு, முன்கூட்டியே தனிக் கார் சொல்லி வைப்பது ஆடம்பரம் இல்லை. நூறு இருநூறு கூட ஆகலாம். அந்தக் காசு காருக்கு இல்லை. நடுராத்திரியில் பேரம் பேசாமல் இருப்பதற்கு!

ஆனால் "காருக்குச் சொல்லியாச்சு" என்று போனை வைத்துவிட்டால் போதாது. சொல்லுகிற விதத்தில் சொல்ல வேண்டும்.

ஆபீஸ்களில் அடிக்கடி நடக்கிற குளறுபடி தேதிதான். விமானம் 15-ந் தேதி இரவு 12.30-க்கு வருகிறது என்று டிக்கெட்டில் இருக்கும். நம்ம ஆள் "15-ந் தேதி நைட்டு கார் வேணும்" என்று சொல்லிவிடுவார். விமானம் இறங்குவதோ 14-ந் தேதி ராத்திரி தூங்கப் போகிற நேரத்தில்! பார்ட்டி வந்து இறங்கி அம்போ என்று நிற்பார். கார்க்காரன் மறுநாள் ராத்திரி போர்டு பிடித்துக்கொண்டு யாரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாடகையும் கேட்பான். அவன்மேல் தப்பு இல்லையே! ஆகவே "14 ராத்திரி விடிந்தால் 15" என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி விளக்கமாகச் சொல்லுங்கள். தப்பே இல்லை.

நேரத்தை மட்டும் சொல்லாமல் விமானத்தின் நம்பரைச் சொல்லுங்கள். விமானம் 2 மணி நேரம் தாமதம் என்றால் கார்க்காரர் தானே பார்த்துக் கொள்வார். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு பாஸ்போர்ட் கியூ, பெட்டி வருகிற பெல்ட், கஸ்டம்ஸ் என்று ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். அதனால் "வெயிட்டிங் எவ்வளவு நேரம் இலவசம்? விமானம் இறங்கியதிலிருந்து கணக்கா, நான் சொன்ன நேரத்திலிருந்து கணக்கா?" என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தகராறு பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது. பேசின வாடகை ஒன்று, பில்லில் வருவது வேறொன்று. கேட்டால் வெயிட்டிங், பார்க்கிங், நைட் பேட்டா, டோல்!

டோல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மீனம்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு, கிண்டி, மவுண்ட் ரோடு வழியாக எழும்பூர் வருகிற வரை ஒரு டோல்கேட்டும் கிடையாது. அந்தப் பயணத்துக்கு டோல் என்று பில்லில் எழுதினால் எந்தக் கேட் என்று கேளுங்கள். ஆசாமி திருதிரு என்று விழிப்பார்.

"எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று செல்போனில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாயால் சொன்ன ரேட் காற்றோடு போச்சு. டிரைவர் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் மூன்றும் விமானம் ஏறும் முன்பே வருகிறவர் கையில் இருக்க வேண்டும். ஓட்டல் விலாசத்தையும் முழுசாகக் கொடுங்கள். ஒரே பெயரில் டி.நகரில் ஒன்று, எழும்பூரில் ஒன்று என்று ஓட்டல் இருக்கிற ஊர் இது.

வெள்ளை நம்பர் பிளேட்!

இனி உயிர்ப் பிரச்சினைக்கு வருவோம். வாசலில் புரோக்கர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற கார் எது என்று கவனியுங்கள். வாடகைக் காருக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து. எலெக்ட்ரிக் வாடகைக் கார் என்றால் பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து. சொந்தக் காருக்கு வெள்ளை பிளேட். புரோக்கர் காட்டுகிற வண்டி பல நேரம் வெள்ளை பிளேட் சொந்தக் காராக இருக்கிறது! "நம்ம பிரெண்டு வண்டிதான் சார்" என்பான்.

பிரெண்டு வண்டியாக இருந்தால் என்ன? விபத்து நடக்காதவரை ஒன்றும் இல்லை. நடந்துவிட்டால்? சொந்தக் காருக்கு எடுத்த பாலிசி சொந்த உபயோகத்துக்குத்தான். வாடகைக்கு ஆள் ஏற்றியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். அடிபட்டவர் குடும்பம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். இதை ஒழுங்காக நடத்தினால் வெள்ளை பிளேட் வியாபாரம் ஒரு மாதத்தில் படுத்துவிடும்.

இன்னொரு நைசான வேலையும் உண்டு. பயணி வெளியே வந்ததும் "எந்த ஓட்டல் சார்?" என்று கேட்பான். இவர் வெள்ளந்தியாகப் பெயரைச் சொல்வார். "அட, அந்த ஓட்டல்ல இருந்துதான் சார் வந்திருக்கேன், உங்களுக்காகத்தான் வெயிட்டிங்" என்று பெட்டியைப் பிடுங்கிக் கொள்வான். உண்மையான டிரைவர் போர்டு பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பார்! வழியில் "அந்த ஓட்டல் இப்ப ரிப்பேர் வேலைல இருக்குது, நல்ல லாட்ஜா காட்டறேன்" என்று கமிஷன் லாட்ஜுக்குக் கொண்டு போவதும் இந்த வகையறாதான். இதற்கு மருந்து சுலபம். ஓட்டல் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "என் பேர் என்ன, நான் எங்கே போகணும், சொல்லுப்பா" என்று அவனைக் கேளுங்கள். நம்ம டிரைவர் டக்கென்று சொல்வார். டுபாக்கூர் ஆசாமி நழுவிவிடுவான்.

தனியாக வருகிற பெண்கள் வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏற வேண்டும். பாதை மாறினால் 112-க்கு அடிக்கத் தயங்கவே கூடாது.

பகலில் ஒற்றைப் பெட்டியோடு வருகிற ஆளுக்கு இவ்வளவு பாடே வேண்டாம். 2016 செப்டம்பரிலேயே விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்துவிட்டது. ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., சென்ட்ரல் என்று ஓட்டல்கள் இருக்கிற இடத்திலேயே ஸ்டேஷன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் திரிசூலம் ரெயில் நிலையம். ஆனால் விமானங்கள் குவிகிற 1 மணிக்கும் 3 மணிக்கும் இரண்டும் தூங்குகின்றன.

இதை யார் கேட்பது?

விமான நிலைய நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். வெளியே வருகிற வாசலில், கண்ணில் படுகிற உயரத்தில் ஒரு பெரிய போர்டு. எழும்பூருக்கு இவ்வளவு, தி.நகருக்கு இவ்வளவு, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இவ்வளவு. பகல் ரேட், ராத்திரி ரேட். தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றிலும். விளம்பரத்துக்கு அத்தனை சுவர் இருக்கிற இடத்தில் இதற்கு ஒரு பத்தடி கிடைக்காதா? ரேட் கண்ணெதிரே இருந்தால் "பாத்துக் குடுங்க" என்று சொல்ல முடியாது. கார் சொல்லி வைக்க ஆள் இல்லாதவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

ஓட்டல்காரர்களும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும். ரூம் புக் செய்தவருக்கு அனுப்புகிற தகவலில் ஒரு வரி, விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு நியாயமாக எவ்வளவு ஆகும் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? சில பெரிய ஓட்டல்கள் சொந்தக் காருக்கு வாங்குகிற வாடகையைக் கேட்டால் புரோக்கரே தேவலாம் போலிருக்கிறது. அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறார்களோ என்னவோ!

விமான நிலையத்துக்கென்று தனிப் போலீஸ் நிலையம் இருக்கிறது. போக்குவரத்துத் துறைக்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி, 12 மணி முதல் 4 மணி வரை, பார்க்கிங் வாசலில் நின்று பெட்டியோடு ஆள் ஏற்றுகிற வெள்ளை பிளேட் வண்டிகளை மடக்கட்டும். முதல் ராத்திரி எத்தனை வண்டி சிக்கியது என்று அவர்கள் சொன்னால், மறுநாள் மாலையே இதே பக்கத்தில் போடக் காத்திருக்கிறோம்.