பச்சை வாந்தி

கரு உருவான 6ஆம் வாரத்தில் குடல் வெகுவேகமாக நீள்கிறது. வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் புகுந்து, 10ஆம் வாரம் உள்ளே திரும்புகிறது. இந்தப் போக்கில் மொத்தம் 270 பாகை சுழன்று தன் இடத்தில் அமர வேண்டும். சுழற்சி பாதியில் நின்றால், பிறந்தபின் குடல் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் கக்குவது அதன் முக்கிய அறிகுறி. பால் கக்குவது வேறு, இது வேறு. உரைமருந்து, ஓமத்தண்ணீர் என்று காத்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடும். உதாரணமாக, குத்துக்கல்வலசை ஊரிலிருந்து தென்காசி அரசு மருத்துவமனை பக்கம்தான்; ஆனால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப நேர்ந்தால் 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வீட்டில் தயங்கும் ஒவ்வொரு மணியும் அந்தப் பயணத்தோடு சேர்கிறது. பிரசவம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயிடமும், அவள் அம்மாவிடமும் மாமியாரிடமும் செவிலியர்கள் இதை வாய்விட்டுச் சொல்லியே அனுப்ப வேண்டும்.