பொறியியல் பிளாஸ்டிக்: சந்தை வளர்கிறது, சபிக் ஏன் விற்கிறது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள தனது பொறியியல் பிளாஸ்டிக் வணிகத்தை ஜேர்மனியின் முதாரெஸ் நிறுவனத்துக்கு 450 மில்லியன் டொலருக்கு விற்கவுள்ளதாக சவூதியின் சபிக் நிறுவனம் 2026 ஜனவரியில் அறிவித்தது. அன்றிரவே ஜுபைலில் தொழில் பார்க்கும் என் தம்பி அழைத்தார். "நானா, எங்கட வேலைக்கும் ஏதும் வருமோ?"

வாளி, பை செய்யும் சாதாரண பிளாஸ்டிக் அல்ல இது. சூட்டையும் சுமையையும் தாங்குவது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்கள் தினமும் கையாளும் பொருள்தான்: முன்விளக்கின் மூடி பொலிகார்பனேட், இயந்திரத்துக்குக் காற்றுச் செல்லும் குழாய் நைலோன்.

இதே துறைக்குள் நுழைய சபிக் 2007இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பிளாஸ்டிக் பிரிவை 11.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அன்று வாங்கியது எல்லாம் இன்றைய விற்பனையில் இல்லை. ஆகவே இரு தொகைகளையும் நேரடியாக ஒப்பிடுவது நியாயமல்ல. ஆனாலும் சரிவு பெரிது.

கேள்வி குறைந்ததா? இல்லை. மின்சார வாகனத்தில் இயந்திரத்தோடு சில நைலோன் பாகங்கள் போய்விடும். பதிலுக்கு மின்கல உறை, மின் இணைப்பிகள், சார்ஜ் செய்யும் பாகங்கள் என்று தீப்பற்றாத பிளாஸ்டிக் தேவைப்படுகிறது. மாறியது தயாரிக்கும் இடம். பொலிகார்பனேட்டை இறக்குமதி செய்துவந்த சீனா வரிசையாக ஆலைகளைக் கட்டியது. தியென்ஜினில் ஆண்டுக்கு 260,000 தொன் தயாரிக்கும் ஆலையில் சினோபெக்கோடு சபிக்கே பங்காளி! ஐரோப்பாவிலோ 2022க்குப் பின் எரிசக்திச் செலவு எகிறியது. 2025 மேயில், பற்சக்கரங்களுக்குப் பயன்படும் பொலிஅசெற்றல் பிளாஸ்டிக்கை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால் 74.9 சதவீதம் வரை வரி என்று சீனா அறிவித்தது. சொந்த உற்பத்தியில் நம்பிக்கை வந்த நாடுதான் அப்படிச் செய்யும்.

அதனால் இந்த விற்பனை ஜுபைலைத் தொடாவிட்டாலும், அதன் காரணம் தொடும் என்றே நினைக்கிறேன். சவூதியின் மலிவான எரிவாயு ஒரு பாதுகாப்பு. ஆனால் யாரும் செய்யக்கூடிய மூலப்பொருளில் சீனாவோடு விலைப்போட்டி போடுவது கடினம். வாடிக்கையாளர் கேட்கும் தரத்துக்குக் கண்ணாடி இழையும் தீத்தடுப்புப் பொருளும் சேர்த்துக் கலவை தயாரிக்கும் வேலையில்தான் இலாபம் கொஞ்சம் நிற்கிறது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று தம்பியிடம் கேட்டேன். மூலப்பொருள் ஆலையில்தானாம். கலவைப் பிரிவுக்கு மாற விண்ணப்பம் கேட்டிருக்கிறார்.