ஃபோல்ட்: மடிப்பா, பட்டியா?

கட்சியை விட்டுப் பிரிந்த சிலர் மீண்டும் ‘மடிப்புக்குத் திரும்பியதாக’ மொழிபெயர்ப்புக் கட்டுரையொன்றில் வாசித்துத் திகைத்தோம். சேலை மடிப்பா, சட்டை மடிப்பா? மூலத்தில் ‘ஃபோல்ட்’ என்றிருந்திருக்க வேண்டும் என ஊகித்த பின்னரே பொருள் விளங்கிற்று. மாலையில் ஆடுகள் வந்து அடையும் இடத்தின் பெயரை ஏரியூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர் எவரும் சொல்லியிருப்பார்: பட்டி.

ஆங்கிலத்தில் இவை உண்மையில் இரண்டு சொற்கள். மடித்தலைக் குறிப்பது ஒன்று; ஆட்டுப்பட்டியைக் குறிப்பது மற்றொன்று. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வடிவில் இருந்தவை காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றாகிவிட்டன. அம்மொழியினரும் இடறியதுண்டு. யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் கிரேக்கம் தொழுவத்துக்கு ஒரு சொல்லும் மந்தைக்கு வேறொரு சொல்லும் வைத்திருக்க, 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இரண்டையும் ‘ஃபோல்ட்’ என்றே பெயர்த்தது. 1881இல்தான் அது திருத்தப்பட்டது. நம் தமிழ் வேதாகமமோ தொழுவம், மந்தை எனப் பிரித்தே சொல்கிறது.

தமிழின் ‘மடி’ இதனினும் வியப்புக்குரியது. துணியை மடிக்கிறோம், மடித்த வேட்டியின் மடியில் காசு முடிகிறோம், பறித்த கடலையை முந்தானை மடியில் ஏந்துகிறோம். வளைத்தலும் உள்ளடக்குதலும் இங்கே தற்செயலாகச் சந்திக்கவில்லை; வளைந்ததனாலேயே அது கொள்கலமாகிறது. குழந்தைக்கு அமரும் இடமும், பசுவுக்குப் பால் சுரக்கும் இடமும் மடியே. (சோம்பலும் மடிதான், வள்ளுவர் ‘மடியின்மை’ என ஓர் அதிகாரமே வகுத்தார்.) ஆங்கிலத்தில் எண்ணோடு ‘ஃபோல்ட்’ ஒட்டுவதுபோலவே நாமும் மடங்கு என்கிறோம். ஆயினும் ஒரு முடிவுக்கு மூன்று காரணங்கள் இருப்பின் அது மும்மடங்குக் காரணம் ஆகாது. மூவகைக் காரணம் என்பதே தமிழ்.

கைகளின் செய்தி இன்னும் நுட்பமானது. கரங்களை ‘ஃபோல்ட்’ செய்தவர் தமிழில் கைகூப்பினாரா, கைகட்டினாரா? கைகட்டி நிற்றல் நமக்குப் பணிவு. ஆங்கிலப் புனைகதையில் அது பெரும்பாலும் இசையாமை. முதலாளியை எதிர்த்து நிற்கும் தொழிலாளியைக் ‘கைகட்டி நின்றான்’ என்று பெயர்த்தால் கதையே தலைகீழாகும். அகராதியின் முதற்பொருளை எடுத்து வைத்துவிட்டு நகர்வதை மொழிபெயர்ப்பு என்று ஏற்க எமக்கு மனமில்லை.

சரி, கட்சிக்குத் திரும்பியவர்கள் ‘பட்டிக்குத் திரும்பினர்’ என்றால் பொருந்துமா? பொருந்தாது. பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என ஊர்ப்பெயராகையில் உறுத்தாத சொல், மனிதரை அடைக்கும் இடமாகையில் வசையாகிவிடும். இதற்குத் தமிழக அரசியல் தானே ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கிறது: தாய்க்கழகம். திரும்புகிறவர்கள் தாய்மடிக்குத் திரும்புகிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் ‘மடிப்பு’ என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளை விட்டிருந்தால்கூடத் தப்பியிருப்பார்.